பல்லுக்குப் பத்தியம்

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர் கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். வாயில் வைத்த பஞ்சை அரைமணி நேரம் கடித்திருக்க வேண்டும், முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், சில நாள் கஞ்சியும் குழைந்த சாதமும், பீடி சிகரெட் தொடக் கூடாது. வாங்கிக்கொள்பவர் இதை ஒரு உபசார வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்கிறார். முக்கியமான வேலை நாற்காலியில் முடிந்துவிட்டது, திருகு எலும்புக்குள் இறங்கிவிட்டது, இனி வீக்கமும் நோவும் வடிய வேண்டியதுதான் பாக்கி என்பது அவர் கணக்கு. இந்தத் தொழில் கடந்து வந்த வழியைப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது. உலோகத்தைத் தாடையில் நடும் திறமை நெடுங்காலமாகவே இருந்தது. நட்டதை மாதக்கணக்கில் அசைக்காமல் விட்டுவைக்கும் ஒழுங்குதான் இல்லை. அந்த ஒழுங்கைக் கட்டாயமாக்கிய பிறகுதான் இம்ப்ளான்ட் நம்பத்தக்க சிகிச்சையானது. அதைக் கடைப்பிடிக்கும் இடமோ ஆஸ்பத்திரி அல்ல, நோயாளியின் வீடு. ஆகவே வீட்டில் தேறும் காலம் சிகிச்சைக்குப் பின்னால் வருவது அல்ல, சிகிச்சையின் பெரும்பகுதியே அதுதான் என்பது என் வாதம்.

மிகப் பழைய தடயம் நடு அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1931இல் ஹோண்டுராஸ் நாட்டின் உலுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கீழ்த்தாடைத் துண்டு அகழ்ந்தெடுக்கப்பட்டது. காலம் சுமார் கி.பி. 600 என்று கணித்தார்கள். முன்பற்கள் இருக்க வேண்டிய மூன்று குழிகளில் பல் வடிவத்தில் இழைத்த சிப்பித் துண்டுகள் இருந்தன. இறந்தவருக்குச் செய்த அலங்காரமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். 1970இல் அமடேயோ பாபியோ என்ற பல் மருத்துவப் பேராசிரியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு துண்டுகளைச் சுற்றிக் கெட்டியான எலும்பு வளர்ந்திருந்தது. உயிருள்ள தாடைதான் எலும்பு வளர்க்கும். ஒரே ஒரு தாடையை வைத்துக்கொண்டு மாயன் மக்களின் மருத்துவ அறிவைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் உடல் அந்நியப் பொருளைச் சுற்றி எலும்பு கட்டக்கூடியது என்பதற்கு அது போதுமான சாட்சி. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். ஏழைகளின் பல்லைப் பிடுங்கிப் பணக்காரர் வாயில் பொருத்துவது அப்போது ஒரு வியாபாரமாகவே நடந்தது. தாமஸ் ரோலண்ட்சன் 1787இல் அதைக் கேலிச்சித்திரமாகவே வரைந்தார். அப்படி நட்ட பற்கள் நிலைக்கவில்லை, கூடவே நோயையும் பரப்பின என்பதோடு அந்த அத்தியாயத்தை முடித்துக்கொள்ளலாம்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை அடுத்த இருவரிடம் இருக்கிறது. 1809இல் பிரான்சில் மஜியோலோ என்பவர் பல் பிடுங்கிய குழியில் தங்கக் குழாயைப் பொருத்தினார். உடனே பல்லை மாட்டிவிடவில்லை. புண் ஆறும்வரை விட்டுவைத்துப் பிறகுதான் மேலே பல் வைத்தார். நூறு ஆண்டு கழித்து, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விசிட்டா நகரத்துப் பல் மருத்துவர் கிரீன்ஃபீல்ட், இரிடியமும் பிளாட்டினமும் கலந்த கம்பியில் கூடை போன்ற உருளை ஒன்றைச் செய்து, அதே அளவுக்கு எலும்பில் வட்டமாகக் குடைந்து இறக்கினார். 1913இல் அவர் வெளியிட்ட விவரத்தில் இன்றைய பாடம் பெரும்பாலும் இருக்கிறது: உருளை எலும்போடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், அசையக் கூடாது, எலும்பு அதனுள் வளரும்வரை பொறுத்துப் பிறகே பல்லைப் பூட்ட வேண்டும். இவர்கள் காத்திருந்தும் தொழில் நிலைபெறவில்லையே, அப்படியானால் காத்திருப்பதில் என்ன பெருமை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காத்திருப்பது மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. மஜியோலோவின் தங்கத்தைச் சுற்றி ஈறு அழன்றது. அவர் காலத்தில் கிருமி என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியிருக்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. கிரீன்ஃபீல்டுக்குப் பின் வந்தவர்கள் அவருடைய கூடையைத் திருத்தினார்கள், உலோகத்தை மாற்றினார்கள், வடிவத்தை மாற்றினார்கள். பொறுத்திருக்கச் சொன்ன பகுதியைத்தான் கைவிட்டார்கள். 1913இல் அச்சில் வந்த ஒரு விஷயம் அரை நூற்றாண்டு தொழிலில் செல்லாக்காசாகக் கிடந்தது.

ஏன் கைவிட்டார்கள் என்பதற்குக் காசும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. பல் மருத்துவருக்கு வேலை முடிவது பல்லைப் பூட்டும் நாளில்தான். நோயாளியும் கண்ணாடியில் பல்லைப் பார்க்கத்தான் பணம் தருகிறார். நடுவில் ஆறு மாத இடைவெளி இருவருக்கும் பிடித்தமானதல்ல. ஆனால் அதைவிட வலுவான காரணம் ஒரு கோட்பாடு. 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் லியோனார்ட் லிங்கோ பிளேடு வடிவ இம்ப்ளான்ட்டைப் பரப்பினார். ஆயிரக்கணக்கான தாடைகளில் அது ஏறியது. வைத்த சில நாளிலோ வாரத்திலோ பல்லைப் பூட்டிவிடுவது வழக்கம். எலும்புக்கும் பிளேடுக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு வளர்ந்தது. இயற்கைப் பல்லைத் தாங்கும் நார்களைப் போல அது மெத்தையாக நின்று உதவும் என்று அந்தக் காலத்து நிபுணர்கள் பலர் நம்பினார்கள். அவசரத்தால் விளைந்த கோளாறுக்கே ஒரு தத்துவம் கிடைத்துவிட்டது. திசு தடித்து, பிளேடு ஆடத் தொடங்கி, அதைக் கழற்றும்போது சுற்றியிருந்த எலும்பும் போன பிறகுதான் தத்துவம் வலுவிழந்தது. 1978இல் ஹார்வர்டில் கூடிய மாநாடு, 100 இம்ப்ளான்ட் வைத்தால் 75 ஐந்தாண்டு வேலை செய்தால் போதும், அதை வெற்றி என்று கொள்ளலாம் என்று வரையறுத்தது. தொழில் தன்னிடமிருந்தே எவ்வளவு குறைவாக எதிர்பார்த்தது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

மாற்றம் பல் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் பல் மருத்துவர் அல்ல. உடற்கூற்றியலும் எலும்பும் படித்த ஆராய்ச்சியாளர். 1950களின் தொடக்கத்தில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உயிருள்ள எலும்பு மஜ்ஜையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பி, முயலின் கால் எலும்பில் டைட்டேனியச் சிமிழ் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே நுண்ணோக்கியில் பார்த்தார். சோதனை முடிந்து சிமிழைக் கழற்றப் போனால் வரவில்லை; எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. கதையை இந்த இடத்தில் நிறுத்தி, தற்செயலாகக் கிடைத்த அதிசயம் என்று எழுதிவிடுவது பத்திரிகை வழக்கம். அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். முயலின் எலும்பில் சிமிழுக்குப் பாரம் ஏதும் இல்லை, யாரும் அதை மெல்லவில்லை, ஆட்டவில்லை. அந்த அமைதியை மனித வாயிலும் உண்டாக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். நாய்களின் தாடையில் ஆண்டுக்கணக்கில் சோதித்துவிட்டு, 1965இல் கோதன்பர்க்கில் முதல் மனிதருக்குச் செய்தார். பிளவுபட்ட அண்ணத்தோடும் குறைபட்ட தாடையோடும் பிறந்த யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியத் திருகுகளை இறக்கி, ஈற்றை மேலே இழுத்து மூடித் தைத்துவிட்டார். பல மாதம் கழித்து ஈற்றைத் திறந்து, திருகுகள் இறுகிவிட்டன என்று உறுதியான பிறகே பற்களைப் பொருத்தினார். 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், லார்சன் அந்தத் திருகுகளில் தாங்கிய பல்லால்தான் சாப்பிட்டார்.

பிரோனெமார்க்கின் கோதன்பர்க் குழு வகுத்த விதிகளை இன்று படித்தால், நோயாளியின் வீட்டு வாழ்க்கையை எவ்வளவு கடுமையாகக் கட்டுப்படுத்தின என்று புரியும். கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதம், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருப்பு. முதல் இரண்டு வாரம் பழைய பல்செட்டைக்கூடப் போடக் கூடாது. ஈற்றுக்கு அடியில் இருக்கும் திருகை அது அழுத்திவிடும். அப்போது வந்தவர்கள் ஒரு பல்லை இழந்தவர்கள் அல்ல, மொத்தப் பல்லும் போனவர்கள். இரண்டு வாரம் பொக்கை வாயோடு இருப்பது என்றால் வேலைக்குப் போவது, நாலு பேரோடு உட்கார்ந்து உண்பது, வாய்விட்டுச் சிரிப்பது எல்லாவற்றையும் ஒத்திவைப்பது. பிறகு பல்செட்டின் உட்புறத்தை மெத்தென்று மாற்றித் தருவார்கள். அதை மாட்டிக்கொண்டு மாதங்களை ஓட்ட வேண்டும். மருத்துவர் செய்தது சில மணி நேர வேலை. மீதி அரை ஆண்டு நோயாளி கடைப்பிடித்த பத்தியம். விளைவு 1981இல் அச்சில் வந்தது: 371 பேருடைய தாடைகளில் 2,768 திருகுகள், பதினைந்தாண்டுக் கணக்கு. அவற்றில் ஐந்து முதல் ஒன்பது ஆண்டு கவனித்த பிரிவில், கீழ்த்தாடைத் திருகுகளில் 91 சதவீதமும் மேல்தாடைத் திருகுகளில் 81 சதவீதமும் உறுதியாக நின்றன. ஹார்வர்டின் 75 சதவீத அளவுகோல் மூன்றே ஆண்டில் பழங்கதை ஆனது. மறு ஆண்டு டொராண்டோவில் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டுக்குப் பின் வட அமெரிக்காவும் ஸ்வீடன் வழிக்குத் திரும்பியது.

வெற்றிக்குக் காரணம் டைட்டேனியம்தானே, ஓய்வுக்கு ஏன் பட்டம் கட்ட வேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். உலோகத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் டைட்டேனியம் எலும்போடு ஒட்டுவதைப் பூனைகளில் சோதித்த போத்தும் அவர் கூட்டாளிகளும் 1940லேயே எழுதிவிட்டார்கள். 1951இல் லெவன்தால் என்ற ஆய்வாளர் எலியின் தொடை எலும்பில் டைட்டேனியத் திருகுகளை முடுக்கி வைத்துக் கழற்றிப் பார்த்தார். ஆறாவது வாரத்தில் திருகு முன்னைவிடச் சற்று இறுகியிருந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் கழற்றுவது இன்னும் கடினமானது. பதினாறாவது வாரத்தில் ஒரு எலியிடம் திருகைக் கழற்ற முயன்றபோது எலும்பே முறிந்தது. உலோகம் அதேதான், மாறியது வாரக் கணக்கு மட்டும். லிங்கோவின் பிளேடுகளும் டைட்டேனியத்தில் செய்யப்பட்டன. அவற்றைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார் வளர்ந்தது. அறுவை நுட்பத்துக்கும் பங்கு உண்டு: எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடானாலே சேதமடையும் என்று எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் முயல்களில் காட்டினார்கள். குடையும்போது தண்ணீர் பீய்ச்சுவது அதனால்தான். ஆயினும் பூப்போலக் குடைந்த எலும்பில்கூட, மறுவாரமே முறுக்கு கடிப்பவருக்குத் திருகு நிற்கும் என்று சொல்ல முடியாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு பிற்காலத்திலிருந்து வருகிறது. மூன்று மாதம், ஆறு மாதம் என்பவை அளந்து கண்ட எண்கள் அல்ல. அனுபவத்தில் எச்சரிக்கையாக வைத்துக்கொண்டவை. சுவிட்சர்லாந்தின் ஆந்த்ரே ஷ்ரோடர் ஈற்றை மூடாமலே, திருகின் தலை வாய்க்குள் தெரியும்படி விட்டு ஆறவைத்து வெற்றி கண்டார். 1990களின் இறுதியில் சொரசொரப்பாக்கிய மேற்பரப்பு வந்தது. காத்திருப்பு ஆறு வாரத்துக்குச் சுருங்கியது. பொறுமையின் பிதாமகரான பிரோனெமார்க்கே 1999இல் கீழ்த்தாடையில் மூன்று திருகு வைத்து அன்றே பற்களைப் பூட்டும் முறையை வெளியிட்டார். நம் ஊர்க் கிளினிக் விளம்பரங்களிலும் ‘ஒரே நாளில் பல்’ என்பது சாதாரணமாகிவிட்டது. அப்படியானால் பழைய பத்தியம் வெறும் பயம்தானா? ஷ்ரோடரின் அனுபவம் காட்டுவது, ஈறு மூடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதைத்தான். அவரும் பாரம் ஏற்றாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார். சொரசொரப்பு, எலும்பு கட்டும் வேகத்தைக் கூட்டியதே தவிர, அசைவைச் சகித்துக்கொள்ளக் கற்றுத்தரவில்லை. உடனடிப் பற்களை ஆராய்ந்தவர்கள் கண்ட எல்லை ஏறக்குறைய 50 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் பருமன். அதைத் தாண்டித் திருகு ஆடினால் எலும்புக்குப் பதில் நார்தான் வரும். அந்த எல்லைக்குள் நிற்பதற்காகவே திருகுகளை ஒரே கம்பியால் இணைத்துப் பூட்டுகிறார்கள். பூட்டிய பல்லோடு வாரக்கணக்கில் மெத்தென்ற உணவே சாப்பிடச் சொல்கிறார்கள். ஓய்வு ஒழிந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. முன்பு தைத்து மூடிய ஈறு காத்தது. இப்போது நோயாளியின் நாக்குக் கட்டுப்பாடு காக்க வேண்டியிருக்கிறது. பல் இல்லாதவர் சீடையைக் கடிக்க முடியாது. பல் வந்தவர் கடிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். விளம்பரம் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்பி அதன் வரிகளுக்கு வம்சாவளி பார்க்கலாம். கொப்பளிக்காதே, துப்பாதே, ஸ்ட்ராவில் உறிஞ்சாதே என்பவை இம்ப்ளான்ட்டுக்காகப் பிறந்த விதிகளே அல்ல. பல் பிடுங்கிய குழிக்கானவை. குழியில் உறைந்த இரத்தம் கலைந்துபோய் எலும்பு வெளியே தெரிந்து உயிர்போக வலிக்கும் நிலையை 1896இலேயே கிராஃபோர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதி வைத்தார். அந்தப் பயத்தின் வாரிசுகள் இவை. வாய் கொப்பளிக்கத் தரும் குளோர்ஹெக்சிடின் 1950களில் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் உருவான கிருமிநாசினி. அது பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தைத் தடுக்கும் என்று 1970இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் காட்டினார்கள். தையல் போட்ட இடத்தில் பிரஷ் படக் கூடாத நாட்களுக்கு அது உண்மையிலேயே உபகாரம். வலிக்குத் தரும் இபுப்ரோஃபென், நாட்டிங்காமில் பூட்ஸ் நிறுவனத்துக்காக ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழு 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மருந்து. 1969இல் கடைக்கு வந்தது. ஐஸ் வீக்கத்துக்கு ஆறுதல் தரும். உப்புத் தண்ணீர் எந்தப் பாட்டிக்கும் தெரிந்தது. இவையெல்லாம் முதல் வாரத்தின் சௌகரியத்துக்கானவை. திருகின் ஆயுளை நிர்ணயிப்பவை என்று சொல்ல எனக்கு ஆதாரம் போதவில்லை. தாளில் கடைசியாக, பலர் படிக்காமலே மடித்துவைக்கும் பீடி சிகரெட் வரிதான் நேரடியாகத் திருகைத் தொடுகிறது. பெயின், மோய் என்ற ஆய்வாளர்கள் 1993இல் 540 நோயாளிகளின் 2,194 இம்ப்ளான்ட்டுகளைக் கணக்கெடுத்தார்கள். புகைக்காதவர்களிடம் 4.76 சதவீதம் தோற்றது, புகைப்பவர்களிடம் 11.28 சதவீதம். மூன்றாண்டு கழித்துப் பெயின், சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் புகையை நிறுத்தும் முறையைச் சோதித்து, நிறுத்தியவர்களுக்குத் தோல்வி குறைவதைக் கண்டார். எட்டு வாரம் என்பது முழுக்க வீட்டில் கழியும் காலம். எந்த மருத்துவராலும் கூட இருந்து காவல் காக்க முடியாது.

இவ்வளவும் நோயாளியின் பொறுப்பு என்றால் தோல்விக்கும் அவரையே குற்றம் சொல்வதாகிவிடாதா? அந்த ஆபத்து இருக்கிறது. எலும்பு மெலிந்திருப்பதும், சர்க்கரை கட்டுப்படாததும், திருகு கோணலாக இறங்கியதும் நோயாளி கஞ்சி குடித்ததாலோ குடிக்காததாலோ வந்தவை அல்ல. ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பற்றிய தகவலையும் கொடுத்தாக வேண்டும். தொழில் தவறுவது அங்கேதான். வைத்த அன்று திருகை இறுக்கிப் பிடிப்பது பழைய எலும்பின் வெறும் அழுத்தம். உடல் அந்த எலும்பைக் கரைத்து, புது எலும்பை உலோகத்தோடு சேர்த்துக் கட்டுகிறது. கரைவது முந்திக்கொண்டு கட்டுவது பிந்தும் இடைவேளையில் பிடிப்பு தளரும். பொதுவாக அது இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் நடுவில் வருகிறது. வலியோ அதற்கு முன்பே போய்விடும்: நோவு முதல் ஓரிரு நாளில் உச்சம், வீக்கம் மூன்றாம் நாளுக்குள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் தையலும் பிரிந்துவிடும். உடம்பு தேறிவிட்டது என்று நோயாளி நம்பி அந்தப் பக்கமே மெல்லத் தொடங்கும் நாட்களும், திருகு மிகப் பலவீனமாக இருக்கும் நாட்களும் ஒன்றாக அமைகின்றன. பிரோனெமார்க்கின் பழைய முறையில் இது பெரிய சிக்கலாக இல்லை. அப்போது மெல்லத் திருகின் மேல் பல்லே பூட்டியிருக்கவில்லை. இன்றைய தாள் இன்னமும் பல் பிடுங்கிய புண்ணின் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. முதல் நாளுக்கும் முதல் வாரத்துக்கும் வரிக்கு வரி எச்சரிக்கை. தையல் பிரித்த நாளிலிருந்து பல் பூட்ட அழைக்கும் நாள்வரை எதைக் கடிக்கலாம், எப்போதிலிருந்து கடிக்கலாம் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை. புதிதாகத் தாள் அச்சடிக்கும் கிளினிக் எதுவானாலும் மூன்றாவது வாரத்துக்கென்று தனியாக இரண்டு வரி சேர்க்க அதிகச் செலவாகாது.